இப்பெயருடைய நபரை எமக்குத் தெரியாது

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். கோழி கிளறியது மாதிரி எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோபத்தில் அவர்கள் எதை எழுதித் தொலைத்தாலும் ஒருவருக்கும் புரியாது. நான் எழுதினால் பாலக்காட்டில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி கண்ணாடி போடாமலே படித்துவிடுவார். படித்தார். அதுவும் சத்தமாக, ஒரு ஆபீஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் என் தப்பு பாதிதான். மீதிப் பாதி சுடலைமுத்துவுடையது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பாதியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. (என் வீட்டுக்காரர் இந்த இடத்தில் "பாதியா?" என்று கேட்பார். அவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.)

வேலந்தாவளம் கடைவீதியில் எனக்கு ஆதாரம் எழுதுகிற ஆபீஸ் இருக்கிறது. நிலப் பத்திரத்துக்குக் கேரளத்தில் ஆதாரம் என்று பெயர்; எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிற நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். அப்போது லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு இரும்பு பீரோ, அப்புறம் என் சீல். இந்தச் சீலை கோயமுத்தூரில் சொல்லிச் செய்தேன். பெயர், லைசென்ஸ் நம்பர், கட்டட நம்பர், கடைவீதி, தபால் ஆபீஸ், பின்கோடு, போன் நம்பர் என்று ஐந்து வரி. குத்தி எடுத்தால் நீல மையில் பளிச்சென்று விழும். ஒரு ஆதாரத்தில் எழுதியவரின் சீல் ஒரு இடத்தில் இருந்தால் போதும். நான் ஏழு இடத்தில் குத்துவேன். அட்டையில், முதல் பக்கத்தின் பின்னால், கடைசிப் பக்கத்தில், ஓரத்தில் காலி இடம் இருந்தால் அங்கேயும். அந்தச் சாந்தாமணியை இப்போது பார்த்தால் கையிலிருந்து சீலைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

சுடலைமுத்து சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரி வேலை பார்த்தவர். இங்கே ஐந்து சென்ட் இடம் வாங்க வந்தார். ஆதாரம் எழுதுகிற நேரத்தில் தன் கதை முழுவதையும் சொன்னார்.

"இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயர்மென்டும்மா. எஸ்டேட்ல குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணணும். இல்லேன்னா நம்ம வீட்டுலருந்து இன்னொரு ஆளு எஸ்டேட்ல பேர் பதியணும். எனக்கு இருக்கது ஒரே பொம்பளப்பிள்ள, ஜெயராணி. டிகிரி படிச்ச பிள்ளய எப்படிம்மா கொழுந்தெடுக்க மலையில எறக்குவேன்? சர்க்கார் பரீட்ச எழுதியிருக்கா. இந்த ஜில்லாவுக்குத்தான் எழுதியிருக்கா. வேல வந்துட்டா இங்கனயே ஒரு கூரையப் போட்டுக்கிட்டு வந்துருவோம்."

இவ்வளவும் அன்றைக்கே என்னிடம் சொன்னார். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்று சீல் குத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் பெயருக்கு என் ஆபீஸில் ஒரு தபால் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதம். ஏதோ ஒன்று தவறி வந்திருக்கிறது என்று எடுத்து வைத்தேன். அடுத்த வாரம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அப்புறம் பேங்க் கடிதம், கோயில் கொடைக்கு அழைப்பு, யாரோ அனுப்பிய காலண்டர். எல்லாவற்றிலும் 'கேர் ஆஃப் சாந்தாமணி' என்று போட்டு, கீழே என் சீலில் இருக்கிற ஐந்து வரியும் ஒரு புள்ளி விடாமல் இருந்தது. போன் நம்பர் உட்பட! (அந்தக் கல்யாண வீட்டார் எனக்கே போன் செய்து, பத்திரிகை வந்ததா, அண்ணாச்சி எப்போது கிளம்புகிறார் என்று கேட்டார்கள்.)

அடுத்த தடவை தன் இடத்தைப் பார்க்க வந்தவரைப் பெஞ்சில் உட்காரவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, உங்க தபாலெல்லாம் என்ற ஆபீசுக்கு வருதே, யாரைக் கேட்டுங்க இந்த அட்ரஸ் குடுத்தீங்க?"

"யாரக் கேக்கணும்? நீங்கதானம்மா குடுத்தீக."

"நானா? எப்பங்க?"

துணிப் பையிலிருந்து ஆதாரத்தை எடுத்து மேசையில் விரித்தார். "இந்தா, அட்டையில போட்டிருக்கு. இங்கனயும் போட்டிருக்கு. ஏழு இடத்துல போட்டிருக்கீகளே. நம்ம இடத்துக்கு இதான் அட்ரஸ்னு எல்லாருக்கும் எழுதிட்டேன்."

"அது என்ற சீலுங்க!"

"அதத்தான சொல்லுதேன். ஆபீஸ் சீலு."

அப்போதுதான் அவர் ஊர் வழக்கம் எனக்குப் புரிந்தது. லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் போவதில்லை. எல்லாத் தபாலும் எஸ்டேட் ஆபீஸுக்குத்தான் வரும். ஜன்னல் திட்டில் வைத்திருப்பார்கள். வேலை முடிந்து அந்த வழியே போகிற யாரோ ஒருவர் தன் லயத்துக்காரர்களுடையதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுப்பார். நாற்பது வருடம் அப்படி வாழ்ந்த மனுஷருக்கு ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அது மற்றவர்களுடைய தபாலை வாங்கி வைக்கத்தான். என் ஆபீஸிலும் ஜன்னல் இருந்தது. வேறென்ன வேண்டும்?

"இது எஸ்டேட் ஆபீஸ் இல்லீங்க. பர்மிஷன் இல்லாம அடுத்தவங்க அட்ரஸ் குடுக்கறது சட்டப்படி குத்தமுங்க" என்றேன். (எந்தச் சட்டப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் மாதிரி சொன்னேன்.) "இனி ஒரு தபால் வந்தாலும் திருப்பி அனுப்பிருவேன், பார்த்துக்குங்க."

அவர் சிரித்தார். நல்ல வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பாக்கெட் தேயிலையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கருப்பட்டி. திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஓலைக் கொட்டானில் வைத்து, சாக்கில் சுற்றித் தைத்து, அவருக்கென்று என் ஆபீஸுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் ஊரில் இல்லாத நாளில் பக்கத்துக் கடைக்காரர் வாங்கி, என் நல்லதுக்கு என்று நினைத்து, பீரோவின் மேலே வைத்துவிட்டார். இரண்டே நாளில் எறும்பு. பீரோவுக்குள் எறும்பு, ஆதாரங்களுக்கு நடுவே எறும்பு. பாகப் பிரிவினைக்கு வந்திருந்த அண்ணன் தம்பி ஆறு பேருக்கு முன்னால் ஆதாரத்தை விரித்தேன். மூத்தவருடைய பங்கின் மேலே எறும்பு வரிசை கட்டிப் போனது. "ஏனுங்கம்மா, எங்களுக்கு முந்தியே குடி வந்துட்டாங்களா?" என்றார் கடைசித் தம்பி. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்தக் கோபத்தில் நான் மருந்து சாக்பீஸால் பீரோவைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் வேலுச்சாமி வந்தார். அன்று மாட்டுச் சந்தை நாள். வெளியே ஒரே சத்தம். கையில் ஒரு நீளமான பழுப்பு உறை, பதிவுத் தபால்.

"எஸ். ஜெயராணி, கேர் ஆஃப் நீங்கதானுங்க. கையெழுத்துப் போடுங்க."

எனக்குக் கண்ணில் பட்டது இரண்டே விஷயம். ஒன்று, கேர் ஆஃப் சாந்தாமணி. இன்னொன்று, இது அவர் பெயர்கூட இல்லை. ஆக, மனுஷர் குடும்பத்தையே என் ஆபீஸில் குடி வைத்துவிட்டார்! உறையின் இடது மூலையில் அனுப்பியவர் விலாசம் இருந்தது. அதைப் படிக்க எனக்கு ஒரு விநாடி ஆகியிருக்கும். அந்த ஒரு விநாடி எனக்குக் கிடைக்கவில்லை.

"வாங்க மாட்டேனுங்க. திருப்பிக் கொண்டு போங்க."

"வாங்க மறுத்தார்னு எழுதினா அந்தப் புள்ளையே மறுத்த மாதிரி ஆயிருமுங்க. இந்த அட்ரஸ்ல அப்படி ஆளில்லைன்னா அதை எழுதிக் குடுங்க" என்றார் வேலுச்சாமி. பாவம், நல்ல மனசில்தான் சொன்னார்.

எழுதினேன். உட்கார்ந்து, நல்ல பேனாவை எடுத்து, உறையின் முதுகில் எழுதினேன். 'இப்பெயருடைய நபரை எமக்குத் தெரியாது. எமது அனுமதியின்றி எமது முகவரியைப் பயன்படுத்தும் இத்தகையோரின் தபால்களை இனி இங்கே கொண்டுவர வேண்டாம்.' தமிழில் எழுதினால் மேலே இருக்கிறவர்களுக்குப் புரியாதே என்று மலையாளத்திலும் எழுதினேன். சர்க்கார் காரியம் ஆயிற்றே என்று இங்கிலீஷிலும் எழுதினேன். சீல் குத்தினேன், மூன்று தடவை. வேலுச்சாமி அதை வாங்கிப் பார்த்து, "அடேங்கப்பா, அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. மத்தியானம் இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

இரண்டரை மணிக்குச் சுடலைமுத்து போன் செய்தார். குரல் நடுங்கியது, சந்தோஷத்தில்.

"அம்மா, நம்ம ஜெயராணிக்கு ரிஜிஸ்டர் டிப்பாட்மென்ட்ல வேல கெடச்சிருச்சும்மா! பாலக்காட்டு ஆபீஸ்ல கேட்டோம், ஆர்டர பதிவுத் தபால்ல அனுப்பியாச்சுன்னாக. வார திங்கக்கெழமக்குள்ள சேரணுமாம். அங்க வந்திருக்கும்லா? நல்லவேள, இன்னைக்குத்தான் பேர் பதியச் சொல்லி எஸ்டேட்ல ஆள் விட்டாக. வேண்டாம்னுட்டேன்."

"பாக்கறேனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தபால் ஆபீஸ் நடந்து போகிற தூரம்தான். ஆனால் சந்தை கலைகிற நேரம், ரோடு முழுக்க மாடு. ஹாரன் அடித்தால் மாடு என்னைத் திரும்பிப் பார்த்ததே தவிர நகரவில்லை. "என்னங்கம்மா அவசரம், ஜோடி வேணுங்களா?" என்று ஒரு தரகர் கேட்டார். அவரையும் திட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தபால் பை அரக்கு வைத்துக் கட்டி வேனில் ஏறியிருந்தது. போஸ்ட் மாஸ்டர் பாலக்காட்டுக்காரச் சேச்சி. விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆளை அறியாதுன்னு காலையில எழுதித் தந்தது நீதானே? இப்போ அறியுமோ?"

"அறியுங்க சேச்சி. நல்லா அறியும்."

"சரி. அந்தக் குட்டியோட தபாலை நீ தொடறதுக்கு அவ தந்த அனுமதிக் கடிதம் உண்டோ?"

அனுமதி! அந்த வார்த்தையை ஒரு மாதமாக ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தவள் நான். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப் போய் வேனுக்கு முன்னால் நின்றேன். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பையைப் பிரிச்சா என்ற வேலை போயிருமுங்கம்மா." ஒருத்தியின் வேலையை நான் தொலைத்தது போதும் என்று நகர்ந்துகொண்டேன். வேன் போய்விட்டது.

சுடலைமுத்துவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் கத்துவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. "திருப்பி அனுப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார். "அடுத்தவுக லெட்டர அப்படித் திருப்பி அனுப்பலாமாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலிலிருந்து நாற்பது வருடமாக ஊரார் கடிதங்களை அள்ளிப் போய்க் கொடுத்த மனுஷருக்கு அப்படி ஒன்று செய்ய முடியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "நீங்க கேக்காம அட்ரஸ் குடுத்ததும் தப்புத்தானுங்க!" என்றேன். (குடுத்தது தப்புத்தான். இப்போதும் சொல்கிறேன்.)

சனிக்கிழமை ஜெயராணி வந்தாள். மூணாறிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் என்று மூன்று பஸ் மாறி, வாந்தி எடுத்துக் களைத்துப் போய், ஒரு சர்டிபிகேட் ஃபைலோடு. எங்கள் வீட்டில்தான் தங்க வைத்தேன். வேறு எங்கே போவாள்? வாசலில் நின்றவளிடம் என் வீட்டுக்காரர், "வா கண்ணு. உன்னை இந்தூட்ல யாருக்கும் தெரியாது, ஆனாலும் வா" என்றார். பிள்ளை சிரித்துவிட்டது. எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

அந்தப் பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு வந்து, பீரோவின் காலைச் சுற்றி மஞ்சள் தூளைத் தூவி எறும்பை விரட்டினாள். இத்தனை நாளாக மருந்து சாக்பீஸுக்கு அடங்காத எறும்பு, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பாலக்காட்டு ஆபீஸில் போய் நின்றோம். கடிதம் வந்தால்தான் பேச முடியும் என்றார்கள். பதினொன்றரைக்கு அன்றைய தபால் வந்தது. பழுப்பு உறையும் வந்தது. அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். புருவம் ஏறியது. பிறகு மலையாளத்தில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார், நிறுத்தி நிறுத்தி, பாராட்டுகிற மாதிரி. டைப் அடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். 'இத்தகையோரின்' என்ற இடம் வந்தபோது ஜெயராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"குட்டி தந்த அட்ரஸில் இப்படி ஒரு ஆளே இல்லை. பொய் அட்ரஸ் தந்த ஆளை நான் எப்படி வேலையில் சேர்க்கும்?" என்றார், எங்களுக்காகத் தமிழில். "இன்றைக்குத்தான் கடைசி நாள், அறியுமல்லோ?"

ஜெயராணியின் கை என் கையைப் பிடித்தது.

"அது பொய் அட்ரஸ் இல்லீங்க சார். அதை எழுதினது நான்தானுங்க."

"நிங்களோ? பின்னே அறியாதுன்னு எழுதினது?"

"கோவத்துலங்க."

அவர் உறையை மறுபடி பார்த்தார். "மூணு பாஷையிலும் கோபமா?"

ஆபீஸே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. முத்திரைப் பத்திரத்தில் நான் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும், நாலு மணிக்குள் வேண்டும் என்றார். எதிர்க் கடையில் பத்திரம் வாங்கி, அந்த ஆபீஸ் வராந்தாவிலேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். 'ஜெயராணி என்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். எனது அலுவலக முகவரியை அவரும் அவரது குடும்பத்தாரும் பயன்படுத்த எனது முழு மனதான அனுமதி உண்டு. அவர்களுக்கு வரும் தபால்களைப் பெற்று ஒப்படைப்பேன்.' எந்த அனுமதிக்காக ஒரு மாதம் குதித்தேனோ அதை என் கையாலேயே, முத்திரைத் தாளில், அழகாக எழுதிக் கொடுத்தேன். நோட்டரி வக்கீல் கையெழுத்துப் போட்டார். கொண்டுபோய் நீட்டியதும் அதிகாரி கேட்டார்.

"சீல் உண்டோ?"

கைப்பையிலிருந்து எடுத்தேன்.

"ஒரு இடத்தில் போட்டால் போதும்."

மூன்றே முக்காலுக்கு ஜெயராணி வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டாள். அப்பாவுக்குப் போன் செய்து, "சேந்துட்டேன்ப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் அவரும் அழுதுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சிவிட்டு, "அம்மா, ஒங்களுக்கு நல்ல கருப்பட்டியா ஒரு கொட்டான் அனுப்பச் சொல்லுதேன். அட்ரஸ் தெரியும்லா" என்றார்.

அனுப்பினார். இன்றைக்கும் அனுப்புகிறார். அவர்கள் ஐந்து சென்ட்டில் வீடு கட்டி, வீட்டு நம்பர் வாங்கி, வருடங்களாகிவிட்டது. ஆனால் தபால் என் ஆபீஸுக்குத்தான் வருகிறது. சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். அவரைப் பார்த்து இங்கே இடம் வாங்கிய இன்னும் நாலு எஸ்டேட் குடும்பங்களின் தபாலும் வருகிறது. ஜன்னல் திட்டில் வைக்கிறேன். யாரைக் கேட்டு இதெல்லாம் என்று தினமும் வேலுச்சாமியிடம் சண்டை போடுகிறேன், கையெழுத்தும் போடுகிறேன்.

வீட்டில் என் நிலைமை அதைவிட மோசம். சிலிண்டரைத் தூக்கி வைக்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், "இப்பெயருடைய நபரை எமக்குத் தெரியாது" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. மார்க் ஷீட் எங்கே என்று மகளிடம் கேட்டால், அனுமதியின்றி எமது தபாலைக் கேட்க வேண்டாம் என்கிறாள்.

போதாததற்குப் போன வருடம் ஜெயராணி மாற்றலாகி, நான் தினமும் ஆதாரம் கொண்டுபோகிற ரிஜிஸ்டர் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். இடம் விற்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால், காகிதத்தை வாங்கிப் புரட்டிவிட்டு முதலில் அவரைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள். முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது.

"இவுகள ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

வரிசையில் நிற்கிற பாதிப் பேருக்குக் கதை தெரியும்.

"தெரியும் கண்ணு."

"நெசமாவே தெரியுமா?"

"தெரியும் கண்ணு, தெரியும்!"

"அப்ப எழுதித் தாங்க."

எழுதிக் கொடுக்கிறேன். ஒரு சீல்தான் குத்துகிறேன்.